“அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்”: புற்றுநோய்ச் செவிலியர் மீது நாம் ஏற்றும் சுமை





ஐந்தாண்டுகளுக்கு முன்பு என் தாயாருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்பது உறுதியானது. அன்று மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே மக்கள் நால்வரும் ஒரு முடிவுக்கு வந்தோம்: அம்மாவிடம் சொல்லக் கூடாது. வயிற்றில் புண், மருந்து ஏற்றினால் ஆறிவிடும் என்று சொல்லிவைத்தோம். மருத்துவரிடம் இதைக் கோரிக்கையாக வைத்தோம். வார்டில் இருந்த செவிலியரிடமோ கட்டளையாகவே சொன்னோம்: “சிஸ்டர், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.”

மூன்றாம் முறை மருந்து ஏற்றிய இரவில் அந்தச் செவிலியர் என்னைத் தனியே அழைத்தார். “பாய், அம்மா என்னிடம் கேட்கிறார்கள். தமக்கு வந்திருப்பது இன்னதென்று தெரிந்தால், வீட்டுக்குப் போய் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறதாம். நான் என்ன பதில் சொல்வது?” என்றார். மார்க்கக் கல்வி கற்றவன் என்ற மிடுக்கில் நான் சொன்ன பதில் இது: “ஷிஃபா அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அவநம்பிக்கை ஊட்டும் பேச்சு வேண்டாம்.” அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழு வாரங்களுக்குப் பின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு சென்றார்கள். தொண்டையில் குழாய் செலுத்தினார்கள். நான்காம் நாள் ஃபஜ்ருக்கு முன் உயிர் பிரிந்தது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிள்ளைகளுக்கெல்லாம் கலிமா சொல்லிக் கொடுக்கும் நான், என் தாயாரின் காதில் கலிமா சொல்ல இயலாமல் கீழ்த்தளத்து நாற்காலியில் உறங்கிக் கிடந்தேன். உள்ளே பணியில் இருந்த செவிலியர், “உங்கள் முறைப்படி என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்” என்றார்.

மூன்றாம் வாரத்தில் அண்டை வீட்டுப் பெண் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். அரைப் பவுன் தோடு ஒன்றை அம்மாவிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்திருந்தாராம். தேடினோம். நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தின் மூலையில், துணியில் முடிந்து கிடந்தது. அம்மா முடிக்க விரும்பிய காரியம் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பெண் வாய் திறக்காமல் இருந்திருந்தால், என் தாயார் பிறர் பொருளுக்குப் பொறுப்பாளியாகவே இறைவனைச் சந்தித்திருப்பார். அதற்குக் காரணம் அவருடைய நோயன்று, எங்களுடைய அன்பு.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் இதே தவற்றை நம் வீடுகள் பலவற்றில் இன்றும் அன்பின் பெயரால் செய்துகொண்டிருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

நான் பாடம் நடத்திய ஹதீஸ்

மறு ஆண்டு மதரஸாவில் மருத்துவம் குறித்த பாடம் வந்தது. பலமுறை நடத்திய பாடம்தான். நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது, வீட்டில் இருந்தவர்கள் அவர்களின் வாயோரத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின் மீது இயல்பாக ஏற்படும் வெறுப்புதான் இது என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும் நபியவர்கள், தாம் தடுத்ததை எடுத்துச் சொல்லிக் கண்டித்தார்கள். அங்கிருந்த அனைவரும் அதே மருந்தைத் தம் வாயோரத்தில் ஏற்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். அவ்வேளையில் உடன் இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இந்நிகழ்ச்சிக்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். என் உள்ளத்தில் தைத்தது ஒன்றுதான். மருந்து ஊற்றியவர்கள் பகைவர்கள் அல்லர். உலகிலேயே அந்த நோயாளியை மிகவும் நேசித்தவர்கள். அந்த நேசமே, ‘அவர் சொல்வது அவருடைய விருப்பமன்று, நோயின் வெறுப்பு’ என்று அவர்களை எண்ண வைத்தது. நோயாளியின் ‘வேண்டாம்’ என்பதற்கு நாமே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டு அதைக் கடந்து செல்வதற்கு நேசம் அனுமதிச் சீட்டாகாது. இவ்வளவு தெளிவான படிப்பினை என் கையில் இருந்தும், அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மவ்த்தைப் பேசினால் மவ்த் வந்துவிடுமா?

“நோயாளியிடம் போய் இதையெல்லாம் பேசலாமா? நம்பிக்கை உடைந்துவிடாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நோயாளியைக் காணச் சென்றால் கவலை வேண்டாம் என்றும், இறைவன் நாடினால் இந்நோய் பாவங்களிலிருந்து தூய்மையாக்கும் என்றும் ஆறுதல் கூறுவது நபிவழி. மரணத்தை வேண்டுவதும் தடுக்கப்பட்டதே. ஆனால் ஆறுதல் சொல்வது வேறு, பொய் சொல்வது வேறு. அவ்வாறே மரணத்தை விரும்புவது வேறு, மரணத்திற்கு ஆயத்தமாவது வேறு.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் இறுதி ஹஜ்ஜின் ஆண்டில் மக்காவில் கடுமையாக நோயுற்றார்கள். இறந்துவிடுவோம் என்றே எண்ணினார்கள். நலம் விசாரிக்க வந்த நபியவர்களிடம், தம் செல்வத்தில் எவ்வளவு வஸிய்யத் செய்யலாம் என்று கேட்டார்கள். ‘அபசகுனமாகப் பேசாதீர்’ என்று நபியவர்கள் அந்தப் பேச்சை நிறுத்தவில்லை. அமர்ந்து கேட்டார்கள்; மூன்றில் ஒரு பங்கு, அதுவும் அதிகம்தான் என்று வரையறுத்தும் தந்தார்கள். அந்த ஸஅத் (ரலி) அதன் பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். காதிஸிய்யாப் போரில் படைக்குத் தலைமை தாங்கினார்கள். வஸிய்யத் பேசியதால் ஆயுள் குறையவில்லை.

உமர் (ரலி) அவர்களின் கடைசி நாட்களையும் நினைத்துப் பாருங்கள். குத்துண்ட பின் குடித்த பால் காயத்தின் வழியே வெளியேறியது. மருத்துவர் மறைக்கவில்லை, வஸிய்யத் செய்துவிடுங்கள் என்று நேராகவே சொன்னார். உண்மையைச் சொன்னதற்காக உமர் (ரலி) அவரை ஒப்புக்கொண்டார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. எஞ்சிய நேரத்தில் என்னென்ன செய்தார்கள்? கடனைக் கணக்கிடும்படி மகனிடம் சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 என்று தெரிந்தது. எந்தப் பொருளிலிருந்து அடைப்பது, போதாவிட்டால் யாரிடம் கேட்பது என்று வரிசைப்படுத்தினார்கள். அடக்கத்தலத்திற்காக ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டு ஆளனுப்பினார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவரை நியமித்தார்கள். உண்மை தெரிந்ததால்தான் இத்தனையும் முடிந்தன.

நம் டெல்டாவில் மேட்டூர் அணை திறக்கும் வரை காத்திருந்து, வயலில் தண்ணீர் பாயும்போது வாய்க்கால் தூர்வாருகிற விவசாயி உண்டா? வரப்போகும் தண்ணீருக்கே முன்னேற்பாடு செய்கிற நாம், வந்தே தீரும் ஒன்றிற்குச் செய்வதில்லை.

செவிலியர் நிற்கும் இடம்

மருத்துவர் சுற்றில் வரும் நேரம் சில நிமிடங்கள். நாம் பார்வை நேரத்தில் வந்து போகிறோம். மருந்து ஏற்றும் மணிக்கணக்கான நேரமும், வலி கூடும் நள்ளிரவும் நோயாளிக்கு அருகில் இருப்பவர் செவிலியரே. “சிஸ்டர், நான் பிழைப்பேனா?” என்ற கேள்வி அவரிடம்தான் வருகிறது, மருத்துவரிடம் கேட்கப் பயப்படுவதையும் மகனிடம் கேட்கக் கூசுவதையும் நோயாளி அவரிடம் கேட்டுவிடுகிறார். ஆகவே, இனி எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தமக்காகப் பேச வேண்டும், கடைசி நாட்கள் எங்கே கழிய வேண்டும் என்பதையெல்லாம் நோயாளியின் வாயிலிருந்தே அறிந்து குறித்து வைக்கும் பணியில் செவிலியருக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

ஆனால் நம்மிடையே அவர் நிலை என்ன? மருத்துவர் சொல்லாததை அவர் சொல்ல இயலாது. சொன்னால் உறவினர் சண்டைக்கு வருவர். சொல்லாவிட்டால் நோயாளியின் கண்ணைப் பார்க்க முடியாது. ஒரு வார்டு முழுவதும் கட்டில்கள். உட்கார்ந்து பேச நேரமில்லை, தனியறையில்லை. முஸ்லிம் நோயாளிக்கு எது முக்கியம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இல்லை. இத்தனைக்கும் மேல், நாம் சொன்ன பொய்யைக் காக்கும் பொறுப்பையும் அவர் தலையில் வைக்கிறோம். அவர் இந்துவாகவோ கிறிஸ்தவராகவோ இருக்கலாம். தம் மனச்சாட்சிக்கு எதிராகப் பொய் பேசும்படி அவரைப் பணிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

செவிலியரின் அருமையை நம் மார்க்கம் அறியும். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அங்குக் காயமுற்றோரைப் பராமரித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. அந்தப் பணிக்கு இடம் பள்ளிவாசலுக்குள்ளேயே கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

இந்திய நாட்டில் இது பற்றிய சட்ட விவாதமும் ஒரு செவிலியரின் வாழ்விலிருந்தே வலுப்பெற்றது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18 அன்று இறக்கும் வரை, நாற்பத்தோராண்டுகளுக்கும் மேலாக, அம்மருத்துவமனைச் செவிலியர்களே தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினர். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்றார். செவிலியர்கள் மறுத்து நின்றனர். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அம்மனுவை ஏற்கவில்லை. இரு தரப்பினரும் அவர் மீது பரிவு கொண்டவர்களே. அருணாவின் விருப்பம் என்னவென்று மட்டும் எவருக்கும் தெரிய வழியில்லை. அவருக்குச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. புற்றுநோயாளிக்குப் பெரும்பாலும் அந்த வாய்ப்பை அல்லாஹ் தருகிறான். வாரங்களும் மாதங்களும் தெளிந்த அறிவும் தருகிறான். அதை வீணாக்குகிறவர்கள் நாம்.

மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும்

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஊசி போட்டு உயிரை முடிப்பது ஹராம். இந்தியச் சட்டத்திலும் குற்றம். நாம் பேசுவது அதுவன்று. குணமாகும் வழியெல்லாம் அடைந்த பின், மரணத்தை மட்டும் நீட்டிக்கும் இயந்திரத்தை ஏற்பதா என்பதே கேள்வி. மருத்துவம் செய்துகொள்வது விரும்பத்தக்கது. ஆனால் குணம் உறுதியில்லாத மருத்துவத்தை விட்டவர் பாவியாகிவிடுவதில்லை என்பதே நம் பகுதியில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களின் பொதுவான கருத்து. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அறிவுத் தெளிவுள்ள நோயாளிக்கு மருத்துவம் செய்ய அவருடைய அனுமதி தேவை என்று தீர்மானித்தது. குணம் எதிர்பார்க்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும் நோயாளியைப் பேணுவதும் வலியைத் தணிப்பதும் தொடர வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

மார்ஃபின் பற்றியும் நம்மவர்களுக்கு அச்சம் உண்டு. மருத்துவர் வகுத்த அளவில், வலிக்காகக் கொடுக்கப்படும் மார்ஃபின் போதைக்காக உண்பதன்று. அது உயிரைப் பறிப்பதும் இல்லை. வலியில் துடிப்பவரால் தொழவும் முடிவதில்லை, திக்ரு செய்யவும் முடிவதில்லை. மருத்துவமனைகள் இம்மருந்தைப் பெறுவதில் இருந்த தடைகளைக் குறைக்கவே 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது.

நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருவர் தம் இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கியது. பதினெட்டு வயது நிரம்பி, அறிவுத் தெளிவுடன், எவருடைய வற்புறுத்தலுமின்றி எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். முன்பு போல நீதித்துறை நடுவரிடம் செல்ல வேண்டியதில்லை. தமக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயர்களை அதில் குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பப் பெறலாம். நோயாளி தாமே முடிவெடுக்க இயலாத நிலையை அடைந்த பிறகுதான் அது பயன்பாட்டுக்கு வரும். அப்போதும் இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும்.

சாட்சிகளோடு எழுதி வைப்பது நமக்குப் புதிதா? எழுத வேண்டிய வஸிய்யத் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்ற கருத்தில் வரும் நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?

நாம் செய்ய வேண்டியவை

குடும்பத்தார் செய்ய வேண்டியது முதலில். செவிலியரிடம் “சொல்லிவிடாதீர்கள்” என்று கட்டளையிடுவதை நிறுத்துவோம். மாறாக, “எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள், நாங்களும் உடன் இருக்கிறோம்” என்று சொல்வோம். சிலர், “எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், என் மகனிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்பர். அதுவும் அவருடைய விருப்பமே. அதையும் மதிக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நோயாளி, மகன் அல்லர். குடும்பத்தில் ஒருவரைப் பேச்சாளராகக் குறிப்பிட்டுக் கொடுங்கள். உள்ளூரில் ஒரு மகன் ஒன்று சொல்ல, துபாயிலிருந்து இன்னொரு மகன் வாட்ஸ்அப்பில் வேறொன்று சொல்ல, நடுவில் செவிலியர் திண்டாடுவது நம் வீடுகளில் வாடிக்கை.

அடுத்தது ஜமாஅத்தின் கடமை. முஸ்லிம் நோயாளியின் தேவைகளை ஒரே பக்கத்தில் அச்சிட்டு, அருகிலுள்ள மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்களிடம் பணிவோடு கொடுக்கலாம். அதில் இவை இருந்தால் போதும்:

• நோயாளியின் உடல் மறைப்பில் கவனம். இயன்றவரை பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் பராமரிப்பு.
• தண்ணீர் தொட முடியாதவருக்குத் தயம்மும் உண்டு, படுத்தபடியும் தொழலாம்.
• கடன், அமானிதம், வஸிய்யத் பற்றிப் பேச விரும்பினால் உடனே குடும்பத்தாருக்குத் தெரிவித்தல்.
• இறுதி நேரம் நெருங்கினால் குடும்பத்தில் ஒருவரை உள்ளே அனுமதித்தல். கலிமாவை மெல்லச் சொல்ல வாய்ப்பளித்தல். இயன்றால் கிப்லாவின் பக்கம் திருப்புதல்.
• உயிர் பிரிந்த பின் கண்களை மூடி, உடலை மூடி, தாமதமின்றி ஒப்படைத்தல்.
• மார்க்க ஐயம் எழுந்தால் எந்நேரமும் அழைக்க இமாமின் தொலைபேசி எண்.

இந்தக் கடைசி வரி மிக முக்கியம். “குழாய் வேண்டாம் என்றால் பாவமா?” என்று நள்ளிரவில் நோயாளி கேட்டால், செவிலியர் என்ன சொல்வார்? பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆலிம்களாகிய நாங்கள். நாங்கள் மய்யித் வீட்டுக்கு வருகிறோம், மருத்துவமனைக்கு வருவதில்லை. இந்தக் குறை எங்களுடையது.

மலப்புறத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு, ஊர் மக்களின் தொண்டாலும் நிதியாலும் அம்மாவட்டத்தில் வீடுவீடாகப் பரவியது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே செவிலியர் வீட்டுக்குச் செல்கிறார். அவருடன் ஊர்த் தொண்டர்களும் செல்கிறார்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். ராஜகிரியிலும் அய்யம்பேட்டையிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் அந்தச் செவிலியருடன் நடந்து செல்ல நம் இளைஞர்கள் இருவர் கிடைக்க மாட்டார்களா? நம் பெண் மக்களைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பவும் தயங்குகிறோம். பிறகு, வார்டில் கலிமா சொல்லித் தர ஆளில்லை என்று வருந்துகிறோம்.

மருத்துவமனைகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. நோயின் நிலையை முதலில் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அதைச் செவிலியரிடம் தள்ளிவிடக் கூடாது. செவிலியருக்கு இவ்வகை உரையாடலில் பயிற்சியும், அதற்கென நேரமும், ஓர் அமைதியான அறையும் வேண்டும். நோயாளி சொன்னது நோயேட்டில் பதிவாக வேண்டும். அடுத்த பணிமுறையில் வருபவர் அதைப் படித்து அறிய வேண்டும்.

சகோதரர்களே, அம்மாவின் மவ்த்துக்குப் பின் அந்த வார்டுச் செவிலியரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “நீங்கள் மட்டுமல்ல பாய், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே ஒரு முறை நீங்கள் ‘சரி, கேளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அம்மா நிம்மதியாக இருந்திருப்பார்கள்” என்றார். கோபித்திருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

உங்கள் வீட்டில் இன்று ஒரு நோயாளி இருந்தால், இன்று இஷாவுக்குப் பின் அவர் அருகில் அமருங்கள். “முடிக்க வேண்டிய காரியம் ஏதேனும் இருக்கிறதா அம்மா?” என்று கேளுங்கள். நாளை மருத்துவமனைக்குச் செல்லும்போது, அவர் சொன்னதைச் செவிலியரிடமும் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை அருள்வாயாக! அவர்களைப் பேணும் கரங்களுக்கு வலிமையும் நற்கூலியும் தருவாயாக! எங்கள் இறுதி வார்த்தையைக் கலிமாவாக ஆக்குவாயாக! என் தாயாரைப் பொருந்திக்கொள்வாயாக! ஆமீன்.